114 மில்லிமீற்றர் தொலைநோக்கியால் சூரியனைப் படமெடுப்பது: வன்னிப் பாடசாலை ஒன்றுக்கு ஒரு பதில்

கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய பாடசாலைக்கு 114 மில்லிமீற்றர் விட்டமும் 900 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட நியூற்றன் வகைத் தெறிப்புத் தொலைநோக்கி ஒன்று நன்கொடையாகக் கிடைத்திருக்கிறது. அதைக் கொண்டு மாணவருடன் சூரியனைப் படமெடுக்க விரும்புகிறார். பெட்டிக்குள், கண்ணை வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டில் திருகிப் பூட்டும் சிறிய கறுப்புக் கண்ணாடியொன்று ‘சூரிய வடிகட்டி’ என்ற பெயருடன் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா, அல்லது எக்ஸ்ரே பிலிம் போதுமா, ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வரும் உறவினரிடம் ஐதரசன்-அல்பா வடிகட்டி (ஐதரசன் வெளிவிடும் ஒற்றைச் சிவப்பு ஒளியில் மட்டும் சூரியனைக் காட்டுவது) வாங்கிவரச் சொல்லலாமா, கைத்தொலைபேசியே போதுமா, கமராவும் வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

கறுப்புக் கண்ணாடியும் எக்ஸ்ரே பிலிமும் கூடவே கூடாது. ஐதரசன்-அல்பா இப்போதைக்கு வேண்டாம். குழாயின் வாயை முழுமையாக மூடும் வெள்ளொளிச் சூரியப் படலம் ஒரு தாள் போதும். கைத்தொலைபேசியில் தொடங்கலாம். அதற்கு மேல் படம் சிறப்பதும் கெடுவதும் நீங்கள் எந்த இடத்தில், எந்த நேரத்தில் தொலைநோக்கியை நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த விடயத்தில் வன்னிக்கு இருக்கும் வசதி பல ஊர்களுக்கு இல்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெட்டியிலுள்ள அந்தக் கறுப்புக் கண்ணாடியை இன்றைக்கே உடைத்து எறிந்துவிடுங்கள். ஒளித்து வைப்பது போதாது. இரண்டு வருடம் கழித்து ஒரு மாணவன் அதைத் தேடியெடுத்துப் பூட்டிப் பார்க்கக்கூடும். வெயிலில் நம் கண்மணியின் விட்டம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றராகச் சுருங்கியிருக்கும். 114 மில்லிமீற்றர் ஆடி அதைவிட மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்ட பரப்பில் ஒளியைத் திரட்டுகிறது. அவ்வளவு வெப்பமும் ஒடுங்கிக் குவியும் இடத்தை ஒட்டியே அந்தக் கண்ணாடி இருக்கிறது. சில நிமிடங்களில் சூடேறி, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் அது வெடிக்கலாம். வெடிக்கும் நேரத்தில் அதன் பின்னால் ஒரு பிள்ளையின் கண் இருக்கும். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. ஆகவே கண்ணை எடுக்க வேண்டும் என்ற உணர்வே வராது. பார்வையின் நடுவில் மறைப்பு விழுந்திருப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

எக்ஸ்ரே பிலிம் பற்றிய கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது விளங்குகிறது. 2019 டிசம்பர் 26ஆம் திகதி காலை வடக்கில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது எக்ஸ்ரே பிலிமும் புகைபிடித்த கண்ணாடியும் கைக்குக் கை மாறியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது வேறு, பாதுகாப்பானது வேறு. எக்ஸ்ரே பிலிமின் கருமை இடத்துக்கிடம் மாறுபடும். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்தாலும், செங்கீழ்க் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வெளிச்சம் குறைந்ததால் கண்மணி விரிந்துகொள்ள, கண்ணுக்குத் தெரியாத வெப்பம் இன்னும் தாராளமாக உள்ளே போகிறது. கமராக்காரர் பயன்படுத்தும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை விடும் சாம்பல் நிற வடிகட்டியும் இதற்குப் போதாது. கிரகணக் கண்ணாடி வெறுங்கண்ணுக்கு நல்லது. ஆனால் அதை அணிந்துகொண்டு தொலைநோக்கிக்குள் பார்த்தால், குவிந்த ஒளி அந்தப் படலத்தை நொடியில் பொசுக்கிவிடும்.

வடிகட்டி எப்போதும் குழாயின் முன்வாயில் இருக்க வேண்டும். ஒளி உள்ளே நுழைந்து ஆடியை அடையுமுன்பே குறைந்துவிட வேண்டும் என்பதுதான் இதில் மாறாத விதி. தொழில்சாராத வானியலாளர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்துவது பாடர் நிறுவனத்தின் அஸ்ட்ரோசோலார் படலம்; வெள்ளித்தாள் போலிருக்கும் மெல்லிய பொருள். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அடர்த்தி எண் 5.0 உடையது இலட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும். கண்ணாலும் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். 3.8 எண்ணுடையது அதைவிடப் பதினாறு மடங்கு கூடுதலான ஒளியை விடும். அது படமெடுக்க மட்டுமே, கண்ணுக்கு ஆகாது. படமெடுப்போர் பலர் இரண்டாவதையே விரும்புவார்கள், ஏனென்றால் திறப்பு நேரத்தை மிகவும் குறைக்கலாம். ஆனால் இடைவேளையில் யார் வந்து கண்ணை வைப்பார்கள் என்று சொல்ல முடியாத பாடசாலையில் அந்த 3.8 படலத்தின் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 5.0 மட்டும் வாங்குங்கள்.

இந்தப் படலம் ஏ4 அளவுத் தாளாகக் கிடைக்கிறது. 20 சென்ரிமீற்றருக்கு 29 சென்ரிமீற்றர் என்பதால், உங்கள் குழாயின் வாய்க்கு ஏற்ற இரண்டு வட்டங்களை ஒரே தாளில் வெட்டலாம். ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். சட்டத்தை மாணவர்களே செய்யலாம். தடித்த மட்டையில், உள்விட்டம் ஆடியின் விட்டத்துக்குக் குறையாத இரண்டு வளையங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். மேசையில் மெல்லிய தாள் விரித்து, அதன்மேல் படலத்தை வைத்து, இருபக்கப் பசைநாடா ஒட்டிய வளையத்தை மேலிருந்து மெதுவாக இறக்க வேண்டும். மேளத்துக்குத் தோல் கட்டுவதுபோல இழுத்துக் கட்டக் கூடாது. படலம் சற்றுத் தளர்ந்து, சுருக்கங்களோடு இருப்பதே சரி. சுருக்கம் படத்தைக் கெடுக்காது, இழுவைதான் கெடுக்கும். மற்ற வளையத்தை ஒட்டி மூடிய பின்னர், குழாயைச் சுற்றி இறுக்கமாக அமரும் மூன்று நான்கு சென்ரிமீற்றர் உயரமான மட்டைக் கழுத்தொன்றை அதனுடன் பொருத்த வேண்டும். கழுத்து எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் மூன்று இடங்களில் பசைநாடாவால் குழாயோடு ஒட்டிவிடுங்கள். சோளகக் காற்று எழும் மாதங்களில், தளர்ந்த மூடி ஒன்று பறந்துபோக ஒரு வீச்சே போதும்.

ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் படலத்தை எரியும் மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை போன்ற ஒளிப்புள்ளி ஒன்றிரண்டு தெரிந்தால் அவ்விடத்தில் கறுப்பு மையால் ஒரு பொட்டு வைத்தால் போதும். கீறலோ மடிப்பு வெடிப்போ தெரிந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தும் பொருளல்ல இது.

உங்கள் தொலைநோக்கியின் பிளாஸ்ரிக் மூடியில் தனியே கழற்றக்கூடிய ஒரு சிறு மூடி இருக்கலாம். அதைக் கழற்றினால் சூரியனைப் பார்க்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் ஓட்டை; வடிகட்டி அல்ல. ஹேர்ஷல் அரியம் என்ற கருவியைப் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். அது மிக நல்ல கருவிதான், ஆனால் ஆடிக்குப் பதில் வில்லை கொண்ட முறிவுத் தொலைநோக்கிக்கு மட்டுமே உரியது. உங்களுடைய ஆடித் தொலைநோக்கியில் முழு வெயிலும் துணை ஆடியில் குவிந்து அதைச் சூடாக்கும் என்பதால் பயன்படாது. சூரிய விம்பத்தை வெள்ளைக் கடதாசியில் விழுத்திப் பார்க்கும் பழைய முறையையும் நான் பாடசாலைக்குச் சிபாரிசு செய்வதில்லை. கடதாசிக்கும் பார்வைத்துண்டுக்கும் இடையில் ஒரு தலை நுழைய அதிக நேரம் வேண்டியதில்லை.

சூரியனை நோக்கிக் குழாயைத் திருப்பும் முறையையும் மாணவருக்குப் பழக்க வேண்டும். குழாயின்மேல் பூட்டியிருக்கும் சிறிய தேடுதொலைநோக்கியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அதுவும் ஒரு தொலைநோக்கிதான், அதற்கு வடிகட்டி இல்லை. நிலத்தில் விழும் குழாயின் நிழலைப் பார்த்து, அது மிகச் சிறிய வட்டமாகச் சுருங்கும்வரை திருப்பினால் சூரியன் பார்வைப் புலத்துக்குள் வந்துவிடும். கண்ணை வைக்குமுன் பார்வைத்துண்டின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். படலம் சரியாக இருந்தால் தாளில் கூசும் ஒளி எதுவும் விழாது. விழுந்தால் உடனே குழாயைத் திருப்பிவிட வேண்டும். தொலைநோக்கியைச் சூரியனை நோக்கி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. போவதென்றால் ஒரு பொறுப்பானவர் அதன் அருகில் நிற்க வேண்டும்.

இவ்வகைத் தொலைநோக்கிகள் பெரும்பாலும் மத்தியகோட்டு வகைத் தாங்கியுடன், அதாவது பூமியின் அச்சுக்குச் சமாந்தரமான துருவ அச்சில் சுழலும் தாங்கியுடன் வருகின்றன. அதன் கையேடுகள் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. 40, 50 பாகை அகலக்கோட்டில் இருப்பவருக்குச் சொல்லும் ஆலோசனை நமக்கு இடறும். கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகை வடக்கில் இருக்கிறது. ஆகவே தாங்கியின் துருவ அச்சு கிட்டத்தட்டக் கிடையாகவே படுத்திருக்கும். காலையில் சூரியன் தாழ்வாக நிற்கும்போது எதிர்நிறைத் தண்டு நேர் கீழே தொங்கி முக்காலியின் காலில் முட்டும். முக்காலியின் ஒரு காலை வடக்கே வை என்று கையேடு சொன்னாலும், இங்கே இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட வெளி வடக்கை நோக்குமாறு வைத்தால் அந்த முட்டல் பெரும்பாலும் தீரும். பகலில் துருவ நட்சத்திரம் தெரியாது என்ற கவலையும் வேண்டாம். திசைகாட்டியால் வடக்கைப் பிடித்து, அகலக்கோட்டு அளவை 9இல் நிறுத்தினால் சூரியப் படத்துக்கு அதுவே போதுமான துல்லியம். மோட்டார் இல்லாவிட்டாலும் குறைவில்லை. சூரியன் தன் விட்டத்தின் அளவுக்கு நகர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகும்; நாம் எடுக்கும் படமோ செக்கனின் நூற்றிலொரு பங்குக்கும் குறைவு.

இனி இடமும் நேரமும். பகலில் தொலைநோக்கிக்கு எதிரி முகில் மட்டுமல்ல, சூடான நிலமும்தான். ஏ9 வீதியின் தாரில் நண்பகலில் நெளியும் கானலைப் பார்த்திருப்பீர்கள். அதே நெளிவு கொங்கிரீட் முற்றம், தகரக் கூரை, கிரவல் மைதானம் எல்லாவற்றின் மேலும் எழுகிறது. சூரியனின் விளிம்பு கொதிக்கும் நீர்போல ஆடுவதும் அதனால்தான். 114 மில்லிமீற்றர் ஆடி கோட்பாட்டின்படி ஒரு வில்செக்கன் (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு) அளவு நுட்பத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். சூரியனில் அது சுமார் 730 கிலோமீற்றர். சூரியப் பரப்பில் கொதித்தெழும் மணிகள் போன்ற கலங்கள் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் அகலமானவை என்பதால் அவையும் தெரிய வேண்டும். ஆனால் காற்றின் நடுக்கம் பகலில் சாதாரணமாக இரண்டு மூன்று வில்செக்கன் இருக்கும். அந்த நடுக்கத்தைக் குறைக்காமல் எவ்வளவு விலையான வடிகட்டி வாங்கினாலும் அதன் பயன் படத்தில் தெரியாது.

சூரிய ஆய்வுநிலையங்களை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் இதற்கான விடை இருக்கிறது. உதய்ப்பூர் சூரிய ஆய்வுநிலையம் பதே சாகர் ஏரியின் நடுவிலுள்ள தீவில் இருக்கிறது. கலிபோர்னியாவின் பிக் பெயார் ஆய்வுநிலையமும் ஏரி நீருக்குள் நீண்ட கரையில்தான் இருக்கிறது. நீர் நிலத்தைப்போல வேகமாகச் சூடேறாது, ஆகவே அதன்மேலுள்ள காற்று அடங்கியிருக்கும். தமிழ்நாட்டில் 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வுநிலையம் மலையுயரத்தைத் தேர்ந்துகொண்டது. சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். வன்னியில் மலை இல்லை, குளங்களுக்குக் குறைவில்லை.

இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் அணைக்கட்டு குளத்தின் வடபுறத்தில் இருக்கிறது. கட்டில் நின்றால் நீர்ப்பரப்பு தெற்கே விரிகிறது. தை, மாசி மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தெற்குப் பக்கமாகவே மேலேறுகிறது. ஆகவே அக்கட்டிலிருந்து காலையில் பார்க்கும்போது பார்வைக்கோடு, காற்று மிகவும் குழம்பும் தாழ்ந்த பகுதியில், நீரின் மேலாகவே செல்கிறது. மாரி முடிந்து குளம் நிறைந்திருக்கும் காலமும் அதுவே. உங்கள் ஊர்க் குளம் வேறாக இருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள்: சூரியன் நிற்கும் பக்கத்தில் நீர் இருக்க வேண்டும், வயலோ வீதியோ அல்ல. முக்காலியைக் கட்டின் உச்சியிலுள்ள கிரவல் பாதையில் நிறுத்தாமல், புல் வளர்ந்த, நீர்ப்பக்கத்து ஓரத்தில் நிறுத்துங்கள். கட்டில் ஒரு நீண்ட வெள்ளைக் குழாயைச் சுமந்துகொண்டு போனால் கேள்விகள் வரும். நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும், வருபவர் எல்லோருக்கும் முதலில் சூரியனைக் காட்டிவிடுவதும் நல்லது.

நேரம் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை. அதற்கு முன் சூரியன் மிகத் தாழ்வாக இருக்கும். ஒளி தடித்த காற்றைக் கடந்து வரவேண்டும், மாசிப் பனியும் கலைந்திருக்காது. பத்து மணிக்குப் பிறகு நிலம் சூடேறிவிடும். ஆண்டில் தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரையே மிகச் சிறந்த காலம், ஆனால் காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களில் புகை வானத்தை மங்கவைக்கும். சித்திரைப் புத்தாண்டையொட்டி, ஏப்ரல் 14 அளவில், நண்பகல் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நாட்களில் நண்பகலில் குழாயை நிமிர்த்திப் பின்தொடர்வது பெரும் தொல்லை. காலையோடு முடித்துக்கொள்வதே உத்தமம். வைகாசி தொடங்கினால் சோளகம் முக்காலியை உலுக்கத் தொடங்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் சிவந்து எழும் சூரியனைப் படலமில்லாமலே எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும், தொலைநோக்கியூடாக அதைப் பார்ப்பது அதே ஆபத்துத்தான்.

கைத்தொலைபேசியில் தொடங்குவது நல்லது. 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு உங்கள் தொலைநோக்கியில் 36 மடங்கு பெருக்கத்தைத் தரும், முழுச் சூரியனும் வசதியாக அடங்கும். தொலைபேசியைப் பார்வைத்துண்டோடு பிடித்துவைக்கும் தாங்கி ஒன்று கட்டாயம் வேண்டும். கையால் பிடித்தெடுப்பது வீண். திரையில் சூரியனின் விளிம்பைத் தொட்டு, குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, சூரியப் பரப்பு வெள்ளையாக வெளிறிப்போகாமல் சாம்பல் சார்ந்த வெள்ளையாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். தொலைபேசியின் தானியங்கி முறை கரிய வானத்தைப் பார்த்து ஏமாந்து சூரியனை எரித்துவிடும். புள்ளிகள் தெரியவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பங்கு இதனால்தான். வெயிலில் திரை தெரியாது. தலையோடு தொலைபேசியையும் மூடிக்கொள்ள ஒரு கறுத்தத் துணியோ தடித்த சாரமோ எடுத்துச் செல்லுங்கள்.

யாரிடமாவது டி.எஸ்.எல்.ஆர். கமரா இருந்தால் அடுத்த படி அது. வில்லையைக் கழற்றிவிட்டு, ரி வளையத்தின் மூலம் கமரா உடலைக் குவியக் குழாயில் நேரடியாகப் பூட்ட வேண்டும். குவியத்தூரத்தை 109ஆல் வகுத்தால் விம்பத்தின் விட்டம் வரும்: உங்களுக்கு 8 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். உணரியில் அது தாராளமாக அடங்கும். சிறிய நியூற்றன் தொலைநோக்கிகளில் ஒரு சிக்கல் உண்டு: குவியம் குழாய்க்கு மிக அருகில் விழுவதால், கமராவை முழுமையாக உள்ளே தள்ளினாலும் விம்பம் தெளியாது. இடையில், குவியத்தூரத்தை இரு மடங்காக்கும் இரட்டிப்புப் பார்லோ வில்லை ஒன்றைச் சேர்த்தால் குவியம் வெளியே வந்துவிடும். விம்பமும் 16 மில்லிமீற்றராகப் பெருகும். உணரியின் உயரம் 15 மில்லிமீற்றர் அளவே என்பதால் முழுச் சூரியன் ஒரே படத்தில் அடங்காது, மேலும் கீழுமாக இரண்டு எடுத்து இணைக்க வேண்டும். 5.0 படலத்துடன், பார்லோ இல்லாமல், ஐ.எஸ்.ஓ. (உணரியின் ஒளியுணர்வு) 100இல் 1/400 செக்கன் ஒரு நல்ல தொடக்கம். பார்லோ சேர்த்தால் அது 1/100 ஆகும், ஆகவே ஐ.எஸ்.ஓ.வை 400ஆக உயர்த்தி 1/400ஐத் திரும்பப் பெறலாம். சூரியன் தாழ்வாக இருந்தால் இன்னும் கூட்ட வேண்டும். ஆகவே இரண்டு படி மேலும் கீழுமாக எடுத்துப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். றோ வடிவத்தில் பதியுங்கள், இரண்டு செக்கன் தாமதத்தில் இயக்குங்கள். விரல் பட்ட அதிர்வு அடங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

ஒற்றைப் படம் எவ்வளவு கவனமாக எடுத்தாலும், அந்தக் கணத்தில் காற்று எப்படியிருந்ததோ அப்படித்தான் வரும். இன்று சூரியனையும் கோள்களையும் எடுப்போர் காணொளியாகவே எடுக்கிறார்கள். ஒரு நிமிடக் காணொளியில் ஆயிரக்கணக்கான சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், இருக்கும். அவற்றில் காற்று கண நேரம் அடங்கியபோது பதிந்த சில நூறு தெளிவாக இருக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கிச் சராசரியாக்குவதே வேலை. பிப் என்ற மென்பொருள் தொலைபேசிக் காணொளியை ஏற்று, சூரியனை ஒவ்வொரு சட்டத்திலும் நடுவில் வைத்துத் தரும். ஆட்டோஸ்டாக்கர்ட் தரம்பார்த்து அடுக்கும். ரெஜிஸ்டாக்ஸின் வேவ்லெட் கருவியோ ஐ.எம்.பி.பி.ஜி. மென்பொருளோ கூர்மையாக்கும். நான்கும் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். முதல் பத்து வீதச் சட்டங்களை மட்டும் எடுங்கள். குளக்கட்டில் காற்று நன்றாக இருந்த நாளில் முப்பது வீதம்வரை போகலாம். காணொளியை மிக நீளமாக்க வேண்டாம். கொதிக்கும் கலங்கள் பத்து நிமிடத்துக்குள் உருமாறி மறைபவை.

கூர்மையாக்கும்போது கை கட்டுக்குள் இருக்க வேண்டும். சூரியப் புள்ளியைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றினால், விளிம்பில் இரட்டைக் கோடு தெரிந்தால், அளவு மீறிவிட்டது என்று பொருள். நிறப் படத்திலிருந்து பச்சை அலைவரிசையை மட்டும் பிரித்தெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். காற்றும் பார்லோவும் நிறங்களைச் சிதறவைத்த மங்கல் நீங்கி, கூடுதல் செலவில்லாமலே படம் தெளிவடையும். இந்தப் படலத்தூடாகச் சூரியன் வெளிர்நீலம் சார்ந்த வெள்ளையாகத் தெரியும். மஞ்சளாக்கி வெளியிடுவது தவறில்லை, ஆனால் நிறம் பின்னர் சேர்த்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

என்ன தெரியும்? புள்ளிகளின் கரிய நடுப்பகுதியும், அதைச் சூழ்ந்த மங்கல் ஓரமும், விளிம்புக்கு அருகே வெளிர்ந்த திட்டுகளும், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒளி மங்கிப்போவதும் தெரியும். பரப்பு ஏறக்குறைய 5,500 பாகை செல்சியஸ். புள்ளி அதைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகை குளிர்ந்தது, அதனால்தான் கறுப்பாகத் தெரிகிறது. உங்கள் படத்தில் பூமி 17 வில்செக்கன் அகலமான பொட்டாகும். 2024 மே மாதத்தில் பெரும் காந்தப்புயலை எழுப்பிய 3664 என்ற புள்ளிக் கூட்டம் பூமியைப்போல 15 மடங்கு நீளமாகப் பரந்து, கிரகணக் கண்ணாடியுடன் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

நியூற்றன் தொலைநோக்கி விம்பத்தை 180 பாகை சுழற்றிக் காட்டும், முகக்கண்ணாடி விம்பம்போலப் புரட்டிக் காட்டாது. எது மேற்கு என்று அறிய, தாங்கியை அசையாமல் விட்டுவிட்டால் சூரியன் நகர்ந்து போகும் திசையே மேற்கு. அதன்படி திருப்பி, நாசாவின் சூரிய இயக்கவியல் ஆய்வுக்கலம் அதே நாளில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். அது 2010 முதல் இயங்குகிறது, படங்கள் இணையத்தில் உடனுக்குடன் கிடைக்கின்றன. நீங்கள் எடுத்தது புள்ளியா, பார்வைத்துண்டிலோ கமரா உணரியிலோ ஒட்டிய தூசியா என்பது உடனே தெரிந்துவிடும். ஒரு புள்ளி கிழக்கு விளிம்பில் தோன்றி மேற்கில் மறைய ஏறத்தாழ இரண்டு வாரமாகும். அந்த நாட்களில் எடுத்த படங்களிலிருந்து சூரியனின் சுழற்சிக் காலத்தை உயர்தர மாணவர் கணக்கிடலாம். பூமியும் நகர்வதால் 27 நாட்களை ஒட்டிய விடை வர வேண்டும். புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கித் தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் வருவது, சூரியன் எவ்வளவு புள்ளிகளோடு இருக்கிறது என்பதைக் காட்டும் வுல்ஃப் எண். அதை நாளேட்டில் பதிந்துவருவதும் அருமையான வேலை.

இப்போது ஐதரசன்-அல்பா. அந்தப் படங்களில் விளிம்பிலிருந்து எழும் தீ நாக்குகளையும் பரப்பில் நெளியும் இருண்ட இழைகளையும் பார்த்தபின் ஆசை வருவது இயல்பு. 656.28 நனோமீற்றர் அலைநீளத்தை மட்டும், ஒரு நனோமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் குறைந்த அகலத்தில் விடும் வடிகட்டி அதற்கு வேண்டும். இரண்டு கண்ணாடிப் பரப்புகளை மிகத் துல்லியமாகச் சமாந்தரமாக நிறுத்தி அவற்றிடையே ஒளியை மோதவிடும் நுட்பம் அது. விலை பல நூறு டொலரில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். டேஸ்டார் குவார்க் போன்ற ஐதரசன்-அல்பா வடிகட்டிகள் முறிவுத் தொலைநோக்கிக்கு மட்டுமே உரியவை, மின்சாரமும் கேட்கும். ஆகவே உங்களுக்குத் தனியாக ஒரு 40 மில்லிமீற்றர் சூரியத் தொலைநோக்கியே வாங்க வேண்டிவரும். உங்கள் டி.எஸ்.எல்.ஆர். அந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தானே தடுத்துவிடும், அதனால் கறுப்பு வெள்ளைக் கமராவொன்றும் தேவைப்படும். ஈரப்பதமான காலநிலையில் இவ்வகைக் கருவிகளின் உள்வடிகட்டிகள் சில வருடங்களில் பூத்துப்போவதும் உண்டு. அதைப் பழுதுபார்க்க வெளிநாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். புள்ளிகள் பெருகிக் குறையும் சூரியச் சுழற்சிகளில், 2019 டிசம்பரில் தொடங்கிய 25ஆவது சுழற்சி 2024இல் உச்சத்தை எட்டியது. இனிப் புள்ளிகள் வருடத்துக்கு வருடம் குறையும். இந்தப் பத்தாண்டின் இறுதியை நெருங்கும்போது வெள்ளொளியில் ஒரு புள்ளிகூட இல்லாத நாட்கள் தொடர்ந்து வரும். ஐதரசன்-அல்பாவில் அப்போதும் ஏதாவது தெரியும். பாடசாலையில் சூரிய நோக்கல் வேரூன்றிவிட்டால் அன்றைக்கு அதை யோசிக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: விண்முகில்களைப் படமெடுப்பதற்கென்று மலிவாக விற்கும் ஐதரசன்-அல்பா வடிகட்டிகள் ஏழு நனோமீற்றர் போன்ற அகலமுடையவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை சூரியனுக்கானவை அல்ல. மாட்டிப் பார்த்தால் கண் போய்விடும். உறவினர் கடையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆகவே ரொறன்ரோ உறவினரிடம் எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: அடர்த்தி எண் 5.0 உடைய, கண்ணால் பார்ப்பதற்கான அஸ்ட்ரோசோலார் படலம் ஏ4 தாள் ஒன்று, 1.25 அங்குல இரட்டிப்புப் பார்லோ வில்லை ஒன்று. தொலைபேசியைப் பார்வைத்துண்டில் பொருத்தும் தாங்கி ஒன்று. கமரா கிடைப்பது உறுதியென்றால் அதன் வகைக்குரிய ரி வளையமும், அதைக் குவியக் குழாயில் செருகும் 1.25 அங்குல மூக்குத்துண்டும். எல்லாம் சேர்ந்தாலும் ஐதரசன்-அல்பா கருவியின் விலையில் சிறு பங்குதான். படலத்தை இரண்டு தடித்த மட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்துக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பெரிய பெட்டியில் மற்றச் சாமான்களோடு போட்டால் மடிந்து வெடித்துவிடும். பெற்றுக்கொண்டதும் உறையில் 5.0 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.